குப்பை எழுத்து

இருமறாங்க. அப்பா உள்ள இருமறாங்க. இருமுனா மூச்சு இருக்கு, மூச்சு இருந்தா ஆள் இருக்காங்க, அப்புறம் எதுக்கு நான் இன்னும் இந்த மெயின் ஸ்விட்ச் கைப்பிடிய ரெண்டு கையாலயும் கீழ அமுக்கிப் புடிச்சுட்டு நிக்கறேன், விட்டா தானா மேல ஏறிக்குமா என்ன, இரும்புப் பெட்டி, வீடு கட்டுனப்போ வெச்சது, இறக்குனா இறக்குனதுதான். விடு சுகுணா, கைய எடு. வர மாட்டேங்குது. ஃபேன் நின்னு போச்சு, ப்ரிட்ஜ் ஒரு உலுக்கு உலுக்கி அடங்கிருச்சு, வீடே கம்முனு கெடக்கு, இந்தக் காலை நேரத்துல தெருவுல கீரைக்காரம்மா கத்தறது கூட சமையல்கட்டு வரைக்கும் கேக்குது. "ஏங்கண்ணு, கரண்டு போயிருச்சா?" பாத்ரூமுக்குள்ள இருந்து அப்பா. பேசறாங்க. முழு வாக்கியம் பேசறாங்க. "ஆமாங்ப்பா, போயிருச்சு, பைப்பத் தொடாதீங்க!" "என்னது?" "பைப்பத் தொடாதீங்கங்ப்பா! ஹீட்டர் பைப்பத் தொடாதீங்க! பக்கெட்ல இருக்கறத ஊத்திட்டு வெளிய வாங்க!" "தலையெல்லாம் சோப்பு, சாமி." "சோப்போட வாங்க!" "எதுக்கு இப்படித் தொண்டை கிழியக் கத்தற, அக்கம்பக்கம் என்ன நெனப்பாங்க?" அக்கம்பக்கமாம். ஊரே வந்து நின்னு வேடிக்கை பாக்கட்டும், எனக்கென்ன வந்துச்சு. சொம்புல தண்ணி மொள்ளற சத்தம். ஊத்தற சத்தம். மறுபடியும் இருமல். இருமுங்கப்பா, நல்லா இருமுங்க, இன்னைக்கு முழுக்க இருமிட்டே இருங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மெயின இறக்கியாச்சு, இனி ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கே தெரியும், படிச்சிருக்கேன், இந்தத் தொழில்தான் பண்றேன், ஆனா கை மட்டும் அந்தக் கைப்பிடிய விட மாட்டேன்னு அடம் புடிக்குது.

இந்தத் தொழில்தான் பண்றேன். த்தூ. பெரிய தொழில். நூல் மில்லுங்கள்ல நூலோட பலத்தப் பாக்கற பழைய மெஷின் ஒண்ணு இருக்கும், நூல இழுத்து, எவ்வளவு இழுப்புல அறுகுதுன்னு நம்பர் சொல்லும். மெஷின் இன்னும் கல்லுக்குண்டாட்டம் ஓடுது, அதுக்குப் பின்னாடி இருக்கற ஒன்பது ஊசி சாக்கெட்தான் பழசாப் போச்சு, இப்ப வர்ற எந்த லேப்டாப்லயும் அது சேராது, யூ.எஸ்.பி மட்டுந்தான். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சின்ன போர்டு வேணும், அவன் பேச்ச இவனுக்குச் சொல்ல. கடையில வாங்கற போர்டுல பாதி டூப்ளிகேட் சிப்பு, நாலு நாள் ஓடும், அஞ்சாம் நாள் மண்ட காய வெக்கும். அதனால நானே புள்ளி புள்ளியா ஓட்டை போட்ட போர்டுல சிப்பு, கிறிஸ்டல், கெபாசிட்டர் எல்லாம் வெச்சு வீட்லயே ஈயம் உருக்கி ஒட்டிச் செஞ்சு குடுக்கறேன். கணபதிங்கற ஏரியால, எங்கப்பா வீட்டு ஹால்ல, ஜன்னலோரம், அம்மாவோட பழைய தையல் மெஷின் மேசை மேல. சோமனூர்ப் பக்கம் ஒரு மில்லு, அங்க எலெக்ட்ரிகல் பாக்கற தனபாலு அந்த மெஷினோட கார்டக் கழட்டியே கொண்டாந்து குடுத்துட்டுப் போனாரு, வெச்சுப் பாத்துச் செய்யுங்க மேடம்னு. பாத்தேன். எல்லாம் சரியா இருந்துச்சு, நம்பர் நம்பரா அழகா வந்துச்சு, திடீர்னு நடுவுல குப்பை. கட்டம் கட்டமா, கேள்விக்குறியா, எந்த நாட்டு எழுத்தோ தெரியாத எழுத்தா, வரிவரியாக் குப்பை. சித்தெ நேரம் கழிச்சு மறுபடியும் ஒழுங்கா நம்பர். மாமியார் முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு பேசற மருமக கணக்கா. அப்ப ஆரம்பிச்சது எனக்குப் பைத்தியம். முதல்ல கிறிஸ்டல் மேல சந்தேகம், மாத்துனேன். அப்புறம் கெபாசிட்டர், சிப்புக்குப் பக்கத்துலயே ஒட்டி வெச்சேன், ஒண்ணு பத்தாதுன்னு மூணு வெச்சேன். அப்புறம் ஒயர், நீளம் எச்சா இருக்குன்னு வெட்டிக் குறுக்குனேன், மேல அலுமினியத் தாளச் சுத்துனேன், இரைச்சல அடக்கற கருப்பு வளையம் மாட்டுனேன். மின்சார இரைச்சல்னா இப்படித்தான், கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேக்காது, எங்கயோ ஒரு மோட்டார் ஓடுனா இங்க ஒரு எழுத்து செத்துப் போகும். பக்கத்து வீட்டு மிக்சி மேல சந்தேகம் வந்து, அவங்க சட்னி அரைக்கற சத்தம் கேட்டா ஓடி வந்து திரையப் பாப்பேன். தெருக்கோடி லேத் பட்டறைல வெல்டிங் மெஷின் இருக்கு, இதுதான் இதுதான்னு நேராப் போய்ச் சண்டையே போட்டேன், உங்க வெல்டிங்கால எங்க வீட்ல குப்பை வருதுங்கன்னு. பட்டறைக்காரர் கண்ணாடியத் தூக்கி நெத்தியில வெச்சுட்டு, "குப்பைங்களா? நாங்க குப்பையெல்லாம் கார்ப்பரேஷன் வண்டியில தானுங்க மேடம் போடறோம்"னாரு. மூணு பேரு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சாயங்காலந்தான் தெரிஞ்சுது, அன்னைக்கு முழுக்க அவங்க ஒரு கேட்டுக்கு பெயிண்ட் அடிச்சுட்டு இருந்திருக்காங்க, வெல்டிங்கே போடலை. எல்லாரையும் சந்தேகப்பட்டேன். தெருவையே சந்தேகப்பட்டேன். எங்க வீட்ட மட்டும் விட்டுட்டேன்.

சார்ஜர் புடுங்குனா குப்பை நிக்குதுன்னு ஒரு நாள் கண்டுபுடிச்சேன். லேப்டாப் பேட்டரியில ஓடுனா நம்பர் பளிங்காட்டம் வருது, சார்ஜர மாட்டுனா குப்பை. அட, அங்கயே நின்னு யோசிச்சிருக்கணும் மூதேவி. சார்ஜர்ல மூணு காலு. மூணாவது காலு எங்க போகுது, செவுத்துக்குள்ள பச்ச ஒயருக்குப் போகுது, பச்ச ஒயரு எங்க போகுது, வீட்ல இருக்கற எல்லா சாக்கெட்டையும் தொட்டுட்டு மண்ணுக்குப் போகுது. எர்த்து. எங்கயாச்சும் கரண்டு வழி தப்பி வந்துச்சுன்னா அதை மண்ணுல கொண்டு போய் எறக்கறதுக்குன்னு வெச்ச ஒயரு. அந்த ஒயர்ல என்னடி கரண்டு ஓடுதுன்னு ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேக்கலை. சார்ஜர் டூப்ளிகேட்டுன்னு முடிவு பண்ணி ஒரிஜினல் வாங்குனேன். அதுலயும் குப்பை. சரி, இவன்கிட்ட வம்பே வேண்டாம்னு ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல ஒயரே இல்லாமப் பண்ணிட்டேன். ஒரு சின்ன சில்லு இருக்கு, உள்ள ஒரு பக்கம் குட்டி விளக்கு, எதுத்தாப்ல அதைப் பாக்கற கண்ணு, வெளிச்சத்துலயே சேதி போயிரும், கரண்டு இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் தாண்ட முடியாது. அதைப் போட்டதும் சுத்தம். ஒரு கட்டம் இல்லை, ஒரு கேள்விக்குறி இல்லை. எனக்குப் பெருமை தாங்கலை. அப்பாகிட்ட, "இரைச்சல அடக்கிட்டேங்ப்பா"ன்னேன். "நல்லது கண்ணு"ன்னாங்க. நல்லது. வீடு எரியுது எரியுதுன்னு ஒருத்தன் கத்திட்டு இருக்கான், அவன் வாய்ல துணியத் திணிச்சுட்டு வந்து பெருமை பேசியிருக்கேன். இன்னைக்கு மட்டும் தனபாலு மெசேஜ் போட்டு, பழைய போர்டு எதனால ஆகலைன்னு முதலாளி கேக்கறாருங்க மேடம், ரெண்டையும் ஓட்டி ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கன்னு கேக்காம இருந்திருந்தா? பழைய போர்ட மாட்டுனேன். நம்பர் வந்துட்டே இருந்துச்சு. அப்பா துண்டத் தோள்ல போட்டுட்டு என்னைத் தாண்டிப் போனாங்க. பாத்ரூம் வாசல்ல ஹீட்டர் ஸ்விட்ச், டொக். திரையில குப்பை. நான் திரும்பிப் பாத்தேன். செவப்பு விளக்கு எரியுது. தண்ணி காயறதுக்கு வெளிய சித்தெ நேரம் நின்னு காலண்டர் பாத்துட்டு இருந்தாங்க, அப்புறம் உள்ள போய்த் தாப்பாப் போட்டாங்க. தண்ணி காஞ்சு ஹீட்டர் தானா அணைஞ்சுது, விளக்கு அணைஞ்சுது, குப்பை நின்னுச்சு. பைப்பத் தொறந்தாங்க, சூடு கொறஞ்சுது, விளக்கு எரிஞ்சுது, குப்பை வந்துச்சு. நான் இன்னும் மரமாட்டம் உக்காந்துதான் இருந்தேன், ஹீட்டரா, ஹீட்டர்ல என்ன மோட்டாரா இருக்கு, அது எதுக்கு இரைச்சல் போடுதுன்னு யோசிச்சுட்டு. அப்பத்தான் ஒயர இழுக்கலாம்னு கை நீட்டுனேன், லேப்டாப் ஓரத்து ஆணியில வெரல் பட்டுச்சு. தரை அப்பத்தான் தொடச்ச ஈரம், செருப்பக் கழட்டி வெச்சிருந்தேன், வெறுங்காலு. வெரல்ல இருந்து முழங்கை வரைக்கும் ஏறுச்சு. அம்மாடி, என்ன இது சுருசுருங்குதுன்னு என் வாயே சொல்லுச்சு. சொன்ன பொறகுதான் அது யார் சொன்ன வார்த்தைன்னு எனக்கு ஒறைச்சுது. நாற்காலி விழுந்த சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கு. ஹால்ல இருந்து மெயினுக்கு எப்படி வந்தேன்னு தெரியலை.

சுருசுருங்குது கண்ணுன்னு அப்பா எத்தனை தடவை சொன்னாங்க. பைப்பத் தொறந்தா கையில எறும்பு ஏறறாப்ல இருக்கு, காலெல்லாம் சுருசுருங்குது. சுகருங்ப்பான்னேன். சுகர் இருக்கறவங்களுக்கு நரம்பு அப்படித்தான் பண்ணும், நேத்து யாரு ஒறம்பரை சொந்தக்காரங்க வீட்ல போய் மைசூர்பாக்கு தின்னதுன்னு அதட்டுனேன். நம்ம ஊர்ல சுகர்னு ஒண்ணு வந்துட்டாப் போதும், பல்லு வலிச்சாலும் சுகரு, கோவம் வந்தாலும் சுகரு, ஒரு மனுசனுக்கு அப்புறம் வேற எதுவும் வரவே கூடாது. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். அவரு காலுல ஊசியால குத்திப் பாத்தாரு, இரும்புக் கவட்டையத் தட்டி, அதிர்வு தெரியுதான்னு வெச்சுப் பாத்தாரு, நல்ல மனுசன், பொறுமையாத்தான் பாத்தாரு. எந்நேரமும் இருக்குதுங்களாய்யான்னு கேட்டாரு. அப்பா, "இல்லீங்க, குளிக்கறப்போ"ன்னு ஆரம்பிச்சாங்க. நான் குறுக்க விழுந்தேன். காலையில எச்சா இருக்குதுங்க டாக்டர். காலையில எச்சா! அவங்க சொல்ல வந்தது ஒண்ணு, நான் எடுத்துக் குடுத்தது ஒண்ணு. டாக்டர் தலைய ஆட்டி நரம்புக்கு மாத்திரை எழுதுனாரு. அப்புறம் அப்பா சொல்றத நிறுத்திட்டாங்க. கேட்டா, "இப்பப் பரவால்லை"ம்பாங்க. மாத்திரை கேக்குதுன்னு நெனச்சேன். மாத்திரை எப்படிக் கேக்கும், ஹீட்டர் உள்ள கம்பி ஓட்டையாகித் தண்ணிக்குள்ள கரண்டு இறங்குது, இறங்குன கரண்டு பைப்புல வருது, நரம்பு மாத்திரை போயி ஹீட்டரச் சரி பண்ணுமா? பரவால்லைன்னு ஏன் சொன்னாங்க? பரவால்லாம எப்படி இருந்திருக்கும்? நான் அதட்டுவேன்னு பயமா? பெத்த அப்பன் கரண்டு அடிக்குதுன்னு சொல்லக் கூடப் பயப்படற மாதிரியா நான் பேசியிருக்கேன்? ப்ரிட்ஜ் கதவு. ஐயோ, ப்ரிட்ஜுக்கும் மூணு காலுதான். வாஷிங் மெஷினுக்கும் மூணு காலுதான். வீடு முழுக்க அந்தப் பச்ச ஒயரு. ஹீட்டர் போட்ட நேரமெல்லாம் வீட்ல இருக்கற இரும்பு எல்லாத்துலயும் அது நின்னுட்டு இருந்திருக்கு, நான் ரப்பர் செருப்புப் போட்டுட்டு நடந்ததால எனக்குத் தெரியலை. அப்பா வீட்டுக்குள்ள செருப்புப் போட மாட்டாங்க. போடுங்கங்ப்பா, சுகர்காரங்க வெறுங்கால்ல நடக்கக் கூடாதுன்னு நான் சொன்னதுக்கு, சாமி இருக்கற வீட்ல செருப்பான்னாங்க.

விழுந்திருப்பாங்க. ஒரு நாள் பாதிக் குளியல்ல விழுந்திருப்பாங்க, சொம்பு உருண்ட சத்தம் கேட்டிருக்கும், நான் கதவத் தட்டியிருப்பேன், பட்டறைல இருந்து ஆளுங்க வந்து கதவ ஒடச்சிருப்பாங்க. வயசு எழுபது தாண்டிருச்சு, சுகர் வேற, ஹார்ட் அட்டாக்குங்க, தூக்கத்துல போற மாதிரிங்க, புண்ணியவான்னு சொல்லியிருப்பாங்க. நானும் நம்பியிருப்பேன். நம்பி அழுதிருப்பேன், நல்ல சாவுன்னு ஒரு ஆறுதல் வேற. யாரும் ஹீட்டரப் பாத்திருக்க மாட்டாங்க. அதோட விட்டிருக்குமா? எழவு வீடு, வந்த ஒறம்பரை அத்தனை பேரும் சுடுகாட்ல இருந்து வந்து தலைக்குத் தண்ணி ஊத்தணும், வயசானவங்களுக்குப் பச்சத் தண்ணி ஆகாது, ஏங்கண்ணு சுகுணா, ஹீட்டர் இருக்குதாம்பாங்க, நானே போய் ஸ்விட்சப் போட்டு விட்டிருப்பேன். நானே போட்டு விட்டிருப்பேன்! பெரியத்தை, அவங்க மருமக, அவ கைக்கொழந்தை, ஒருத்தரு மாத்தி ஒருத்தரு அந்தப் பைப்பத் தொறந்திருப்பாங்க. வேண்டாம், நெனைக்காத. இருமறாங்க பாரு, இருக்காங்க பாரு. சோப்புக் கண்ணுல போயிருச்சுன்னு ஏதோ முனகறாங்க. நெனைக்காதன்னா மனசு கேக்குதா, சொம்பு உருள்ற சத்தம் வராமயே எனக்கு வந்துட்டு இருக்கு, டங்கு டங்குன்னு, தரையில ஓடி, சாக்கடை மூடியில போய் முட்டி நிக்குது. நேத்துக் காலைல அந்தச் சத்தம் வந்திருக்கலாம். முந்தாநேத்து. அப்பா குளிச்ச ஒவ்வொரு நாளும் வந்திருக்கலாம், நான் அந்த நேரத்துல இங்க உக்காந்து கருப்பு வளையம் மாட்டிட்டு இருந்தேன்.

தாப்பா சத்தம். கதவு தொறந்துச்சு. துண்டு கட்டிட்டு, காதோரம் நொரையோட, முடி எல்லாம் படிஞ்சு ஒரு கொழந்தையாட்டம் நிக்கறாங்க எங்கப்பா. ஆறுக்குட்டிங்கற பேரக் கேட்டாலே பஸ் டிப்போல அத்தனை டிரைவரும் நடுங்குவாங்க, பஸ்ஸு ஒரு நிமிஷம் தப்புனாக் கேள்வி கேக்கற டைம்கீப்பரு, இப்ப நொரைய வழிச்சுட்டு, "கரண்டுதான போச்சு, அதுக்கு எதுக்கு இப்படி வெளிறிப் போய் நிக்கற?"ங்கறாங்க. அப்பத்தான் என் கை அந்தக் கைப்பிடிய விட்டுச்சு. கிட்டப் போய் அவங்க தோளத் தொட்டேன், கையத் தொட்டேன், நெஞ்சுல கைய வெச்சுப் பாத்தேன், அடிச்சுட்டுதான் இருக்கு. "என்ன கண்ணு?" "ஹீட்டர்ல கரண்டு லீக்குங்ப்பா. பைப்புல கரண்டு வருது. நீங்க சொன்னீங்களே சுருசுருன்னு, அது சுகர் இல்லீங்ப்பா. கரண்டு. கரண்டுங்ப்பா." சொல்லி முடிக்கறதுக்குள்ள அழுதுட்டேன். அப்பா வாய் லேசாத் தொறந்திருந்துச்சு. என்னைப் பாத்தாங்க, அப்புறம் வாசல் பக்கம் பாத்தாங்க, அப்புறம் வேட்டி மாத்தறேன்னு ரூமுக்குள்ள போயிட்டாங்க. பயந்துட்டாங்க பாவம்னு நெனச்சேன்.

அழுதுட்டு நின்னா ஆகாது. ரப்பர் செருப்ப மாட்டுனேன், வோல்ட் பாக்கற மீட்டர எடுத்தேன், அப்பாவ ரூம விட்டு வெளிய வர வேண்டாம்னு சொல்லிட்டு மெயினத் தூக்குனேன், ஹீட்டரப் போட்டேன். மீட்டரோட ஒரு முனை பைப்புல, இன்னொண்ணு சாக்கெட்டோட நியூட்ரல்ல. நூத்துச் சொச்சம். பைப்புல! கை கழுவற பைப்புல நூத்துச் சொச்சம் வோல்ட்டு! பாத்த ஒடனே எல்லாத்தையும் இறக்கிட்டேன். ஆனா ஒண்ணு ஒதைக்குது. ஹீட்டர் கெட்டா கெட்டுட்டுப் போகுது, எல்லா வீட்லயும் கெடறதுதான, கெட்டா கரண்டு எர்த்து வழியா மண்ணுக்குல்ல போகணும், இங்க எதுக்கு வீட்டுக்குள்ளயே சுத்துது? எங்க போச்சு எர்த்து? மீட்டர் பெட்டியில இருந்து கெட்டிக் கம்பி ஒண்ணு செவுத்தோரமா இறங்கும், காம்பவுண்டு மூலையில மண்ணுக்குள்ள ஒரு இரும்புப் பைப்பு, உப்பும் கரியும் போட்டு ஆழமாப் பொதச்சது, அதுல போய்ச் சேரும். அம்மா இருந்த வரைக்கும் வெய்யக்காலத்துல அந்தக் குழிக்கு ஒரு கொடம் தண்ணி ஊத்துவாங்க, மண்ணு காஞ்சா எர்த்து வேலை செய்யாதுன்னு யாரோ சொன்னாங்கன்னு. கம்பியப் புடிச்சுட்டே போனேன். சன்சேடு, ஜன்னல், குரோட்டன்ஸ் தொட்டி. தொட்டிக்குப் பின்னாடி கம்பி அந்தரத்துல நின்னுச்சு. அறுத்து, நுனிய மேல பாத்து வளச்சு விட்டிருக்கு, சுத்தமா, ஆக்சா பிளேடு வெச்சு அறுத்த அறுப்பு. பைப்பு இருந்த எடத்துல பைப்பே இல்லை. புதுச் சிமெண்டு, மேல ஒரு டைல்ஸ், டைல்ஸ் மேல மஞ்சத் தடவிக் குங்குமப் பொட்டு. மேலெல்லாம் எரிஞ்சுது எனக்கு. "எந்த நாசமாப் போறவன்டா இரும்பத் திருடிட்டுப் போனது!"ன்னு தெருவுக்கே கேக்கறாப்ல கத்துனேன். "பழைய இரும்புக்காரனாங்ப்பா? பெயிண்ட் அடிக்க வந்தானே, அவனா? போலீஸ்ல சொல்றேன் பாருங்க, கொலைகாரப் பசங்க, ஒரு பைப்புக்காக ஒரு உசுர..."

"திருடன் இல்லை கண்ணு."

வேட்டி கட்டி, சட்டை போடாம, திருநீறு கூடப் பூசாம எனக்குப் பின்னாடி நிக்கறாங்க. வெறுங்காலு. தலைய நிமுத்தலை. "நாந்தான் ஆள் வெச்சு எடுத்தேன். நீ மில்லுக்குப் போன அன்னைக்கு." எனக்கு ஒண்ணும் வெளங்கலை. எடுத்தேன்னா, எதை எடுத்தீங்க, எதுக்கு எடுத்தீங்க? "இது ஈசானி மூலையாம். ஈசானியில இரும்பு பொதஞ்சிருந்தா வீட்ல இருக்கற பொண்ணுக்கு எதுவும் கூடி வராதுன்னு வாஸ்துக்காரரு சொன்னாரு. இரும்ப எடுத்துட்டு மந்திரிச்ச செம்புத் தகடு ஒண்ணு வெக்கச் சொன்னாரு. அடியில வெச்சிருக்குது."

அந்தப் பேச்ச நாங்க விட்டு எத்தனையோ நாளாச்சு. எனக்குக் கல்யாணம் வேண்டாம், இப்படியே நல்லா இருக்கேன்னு சொன்னேன், உன்ற இஷ்டம் கண்ணுன்னாங்க, அதுக்கப்புறம் ஒரு வார்த்தை கேக்கலை. ஒத்துக்கிட்டாங்கன்னு நெனச்சுட்டு இருந்தேன். மில்லுல எவனோ நூல் அறுகறதப் பாக்க நான் பஸ் ஏறிப் போன அன்னைக்கு, எங்கப்பா இங்க வெய்யில்ல நின்னு, வீட்டுக்குக் காவலா இருந்த ஒரே ஒரு பைப்பப் புடுங்கி எறிஞ்சிருக்காங்க, எனக்கு மாப்பிள்ளை வரணும்னு. கோவம் வரணும். வரலை. செம்புத் தகடு கீழ, அறுந்த கம்பி மேல, நடுவுல ஒரு சாண். கம்பியையும் டைல்ஸையும் மாறி மாறிப் பாத்தேன்.

"அப்புறம் ஏனுங்ப்பா சுருசுருங்குதுன்னு சொல்றத நிறுத்துனீங்க? மாத்திரைல நல்லாயிருச்சுன்னு..."

"மாத்திரைய ரெண்டு நாள்ல விட்டுட்டேன். அந்த வாஸ்துக்காரரு கிட்டயே போன் பண்ணிக் கேட்டேன், ஏனுங்க, இந்த மாதிரி கையில காலுல ஏறுதுங்களேன்னு. தகடு வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சு, பூமி அசையுது, நல்ல சகுனம், யாருகிட்டயும் வாயத் தொறந்துராதீங்க, சொன்னாப் பலிக்காதுன்னுட்டாரு." கண்ணத் தொடச்சாங்க, சோப்பா என்னன்னு தெரியலை. "அதான் உன்கிட்டச் சொல்லலை."

கஷ்டப்பட்டுத்தான் கேட்டேன். "இன்னைக்கு? நான் கரண்ட நிறுத்தறதுக்கு முன்னாடி?"

அப்பா வலது கையத் தூக்கி என்கிட்டக் காட்டுனாங்க. உள்ளங்கை செவந்திருந்துச்சு, வெரலெல்லாம் உள்பக்கமா மடங்கியிருந்துச்சு, நிமுத்தப் பாக்கறாங்க, முழுசா நிமுரலை. மூஞ்சியில ஒரு சிரிப்பு, கூச்சப்பட்டுட்டு. "இன்னைக்குத்தான் கண்ணு பெருசா வந்துச்சு. கை அப்படியே பைப்புல ஒட்டிக்கிச்சு, எடுத்தா வரலை, சத்தம் போடலாம்னா வாய் வரலை. சரி, இன்னைக்கு முடிஞ்சிருச்சு, உனக்கு மாப்பிள்ளை அமைஞ்சு நல்ல சேதி வந்திருச்சுன்னு நெனச்சேன். டப்புனு கரண்டு போயிருச்சு." கைய இறக்கிட்டு என் மூஞ்சியப் பாத்தாங்க.

"உனக்குப் போன் ஏதாச்சும் வந்துச்சா கண்ணு?"

வரலைங்ப்பான்னேன்.